வீட்டில் படிப்பிக்கிறீர்களா? புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் விட்ட பிழைகள்

எங்கள் மகனுக்கு இழுப்பு. ஜூன், ஜூலை மழையில் இரண்டு மைல் நடந்து பாடசாலைக்குப் போய் வந்தால் இரவெல்லாம் மூச்சு வாங்கும். அதனால்தான் வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கினோம். இலங்கையின் மலையகத்தில் இப்படிச் செய்யும் குடும்பங்கள் குறைவு. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்காமல் நிறையத் தடுமாறினோம்.

முதல் பெரிய பிழை, கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்தையெல்லாம் சேர்த்து வைத்துப் படிப்பித்தது. தமிழ்நாட்டுப் பாடங்கள் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கின்றன. நன்றாகவும் விளக்குகிறார்கள். ஒருநாள் இயக்கம் பற்றிய கணக்கொன்றில் மகன் விடையை எழுதிவிட்டுத் திசையைக் குறிப்பிடவில்லை. "வேகத்துக்குத் திசை வேண்டும்" என்றேன். "தேவையில்லை அம்மா, வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்" என்று பிடிவாதமாக நின்றான். நாங்கள் இரண்டு பேரும் சொன்னது சரிதான்! நமது பாடநூலில் திசை இல்லாதது கதி, திசையோடு வருவது வேகம். அங்கே திசை இல்லாதது வேகம், திசையோடு வருவது திசைவேகம். ஒரே சொல், இரண்டு பொருள். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை, கலம் செல், இரசாயனவியல் வேதியியல். பெயர் மட்டும் வேறென்றால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். பொருளே மாறும் இடத்தில் பரீட்சையில் புள்ளி போய்விடும். வீடியோ பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் கொப்பியில் நம் பாடநூலின் சொல்லைத்தான் எழுத வேண்டும். நாங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாகச் சொற்களை எழுதி வைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

இதற்கு அடியில் இன்னொரு பிழை இருக்கிறது. பிள்ளை எந்தப் பரீட்சை எழுதப் போகிறது என்று முடிவு செய்யாமலே புத்தகம் வாங்குகிறோம். சாதாரண தரம் (11ஆம் வகுப்பு முடிவில் எழுதும் அரசாங்கப் பரீட்சை) என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றோடு தொகுதிப் பாடங்கள் (பட்டியலிலிருந்து நாமே தெரிவு செய்பவை) மூன்று, ஆக 9. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான பெற்றோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியையும் அவசியம் எடுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாத வீட்டுக்கு அதுதான் துணை.

லண்டன் பாடத்திட்டத்தை, அதாவது பிரித்தானியப் பரீட்சைகளுக்கு ஆங்கிலத்தில் படிப்பதை, எடுத்த குடும்பங்களும் உண்டு. அது மட்டமான படிப்பு அல்ல. ஆனால் பாடத்துக்குப் பாடம் பரீட்சைக் கட்டணம், அதுவும் பவுண் விலையோடு சேர்ந்து ஏறும். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது, பவுணும் கூடவே ஏறியது. நடுவழியில் பாடத்திட்டத்தை மாற்றினால் படிக்கும் மொழியும் மாறும், பிள்ளைதான் அவதிப்படும். கடைசி வருடக் கட்டணத்தையும் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நேர அட்டவணை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை 7.30 முதல் 1.30 வரை பாடசாலை போலவே உட்கார வைத்தோம், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒற்றைப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் தேவையுமில்லை. மூடுபனி நாட்களில் லயத்து அறை பத்து மணி வரை இருட்டாகவே கிடக்கும். அந்த நேரம் வாய்ப்பாடும் வாசிப்பும், வெளிச்சம் வந்ததும் எழுத்து வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

சிங்களத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுப்பார்கள், வீட்டில் அது முதலில் கழன்று விழும். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் படிவம் நிரப்பப் பிறர் கையை எதிர்பார்த்து நின்ற நம் அம்மா அப்பாவின் நிலை பிள்ளைக்கு வேண்டாம்.

அப்புறம் பத்திரங்கள். 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி என்பது சட்டம். பிள்ளையைச் சும்மா நிறுத்திவிட்டு இருக்காதீர்கள். அதிபரிடம் போய்க் காரணத்தைச் சொல்லிப் பேசுங்கள், விடுகைப் பத்திரத்தைக் கையில் வாங்கி வையுங்கள், மருத்துவ அறிக்கை இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து வையுங்கள். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், 15 வயதில் எடுக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் வழியாக அந்த வேலை நடக்கும். நம் பிள்ளைக்கு கிராம உத்தியோகத்தர் மூலமாக, தோட்டத்தில் இருந்தால் தோட்ட அத்தியட்சகர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதைத் திருத்தவே மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். 14 வயதிலேயே சான்றிதழை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.