திட்டினால் படிப்பு ஏறாது

செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாணவி சந்தேகம் கேட்க நோட்டை நீட்டினாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் படிக்க வருகிற பெண். கணக்கைப் பார்க்கக் குனிந்தேன். பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், பொடி எழுத்தில், ‘லூசு’, ‘இதுகூடத் தெரியாதா’, ‘நீயெல்லாம் எதுக்குப் படிக்கிற’ என்று எழுதியிருந்தது. புரட்டப் புரட்ட இதேதான்.

“யாரும்மா இப்படி எழுதினது?”

“நான்தான் மேடம். இப்படித் திட்டினாத்தான் எனக்கு உறைக்கும்.”

நான் பார்த்தவரை மாணவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். உறைத்திருந்தால் அவள் படித்திருக்க வேண்டும். ஆனால் நாலு நாளாக அந்த நோட்டைத் திறக்கவே இல்லை என்று அவளே சொன்னாள். திறந்தால் திட்டு விழும் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் கை தானாகப் போனுக்குத்தான் போகும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் 119 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்களிடம், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. 2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: கடினமான ஒரு சொல்லறிவுத் தேர்வில் சறுக்கியவர்களில், ‘உங்களை ரொம்ப வருத்திக்கொள்ளாதீர்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள் மறுதேர்வுக்குக் கூடுதல் நேரம் உட்கார்ந்து படித்தார்கள்.

அடுத்த தவறு, பர்ன்அவுட்டை, அதாவது ஓயாத அழுத்தத்தில் சோர்ந்துபோவதை, சோம்பல் என்று நினைப்பது. வேலை செய்பவர்களின் பர்ன்அவுட்டை அளக்க 1981இல் உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 2002இல் அது மாணவர்களுக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டது. அதில் பார்ப்பவை மூன்று: உடம்பும் மனசும் வற்றிப்போவது, ‘இதைப் படித்து என்ன ஆகப்போகிறது’ என்ற வெறுப்பு, ‘எனக்கு இது வராது’ என்ற முடிவு. பிடித்து எடுத்த பாடமே கசக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கியும் திங்கட்கிழமை கால் எழ மறுக்கிறது என்றால், அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைக்காதீர்கள்.

பெயரைத் தப்பாக வைத்தால் மருந்தும் தப்பாகிவிடும். அரியர் பேப்பர் ரெண்டு, இந்த செமஸ்டர் பேப்பர் ஆறு, அதனால் தூக்கத்தை நாலு மணி நேரமாக்குகிறேன் என்று கிளம்புவார்கள். ராத்திரி படித்தது மூளையில் தங்குவதற்கே தூக்கம் வேண்டும்.

அப்புறம், ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம். தன் மேல் பரிவு என்பதை 2003இல் ஆய்வுக்குரிய ஒன்றாக வகுத்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று கூறுகளைச் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, தவறுவது எல்லாருக்கும் பொது என்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. நம் பிள்ளைகள் கோட்டை விடுவது நடுவில் இருப்பதை. ரிசல்ட் அன்று வாட்ஸ்ஆப் குரூப்பில் ‘ஆல் கிளியர்’ போட்டவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் வரிசையில் போய் நின்று பாருங்கள், மிச்சப் பேரெல்லாம் அங்கே இருப்பார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இது இன்னும் கனம். அரியர் என்றால் என்னவென்று வீட்டில் புரியவைக்கவே தெம்பு இருக்காது.

பரிவு என்றதும் ‘சரி, பரவாயில்லை’ என்று புத்தகத்தை மூடிவிடுவதும் தவறுதான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “உன் ஃபிரெண்ட் ஃபெயிலானா என்னம்மா சொல்லுவ?”

யோசிக்கவே இல்லை. “அழாதடி, ரெண்டு பேரும் சேந்து படிப்போம்னு சொல்லுவேன்.”

ஆறுதலும் அதிலேயே இருக்கிறது, அடுத்து செய்ய வேண்டிய வேலையும் அதிலேயே இருக்கிறது. இதைத் தனக்கும் சொல்லிக்கொள்வதுதான் பரிவு.

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டவும் எனக்கு மனசு வரவில்லை. ஒரே வாரத்தில் மூன்று இன்டர்னல், ரெக்கார்டு, செமினார் என்று வைத்துவிட்டு, உன்னிடம் நீ கனிவாக இரு என்று சொல்வது நியாயமில்லை. நாலு பேராகச் சேர்ந்து ஆசிரியரிடம் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்களான நாங்கள் அதற்குச் செவிகொடுக்க வேண்டும்.

ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், பரிவு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சாகலாம் போல ஒரு நினைப்பு ஒரே ஒரு தடவை வந்தால்கூட, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தனியாகப் போக வேண்டாம், வரிசையில் கூட நிற்க ஒரு தோழியையோ நண்பனையோ கூட்டிக்கொண்டு போங்கள்.