திரைக்கதைப் போட்டிக்கு அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினிமாவில் ஒருவரையும் தெரியாத எழுத்தாளர், தன் ஸ்கிரிப்டை முகம் தெரியாத ஒருவர் கையில் சேர்க்க இருக்கும் சில வழிகளில் திரைக்கதைப் போட்டியும் ஒன்று. நல்ல வழிதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அனுப்பும்போது நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து இதைப் படிக்கப் போகிறார் என்பதை மறந்துவிடுவதால் வருகிறது.

அவர் யார்? போட்டி அறிவிப்பில் போட்டோ போட்டிருக்கிறார்களே, அந்தப் பிரபல நடுவர் இல்லை. அவர் கடைசிச் சுற்றில்தான் வருவார். முதல் சுற்றில் படிப்பது பெரும்பாலும் ‘ரீடர்’ எனப்படும், ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி வாங்கும் ஒருவர். ஒரே நாளில் பல ஸ்கிரிப்ட் படித்துவிட்டு கதை, பாத்திரம், வசனம், கட்டமைப்பு என்று மதிப்பெண் தாளை நிரப்ப வேண்டியவர். அவருக்கு உங்கள் மேல் எந்த விரோதமும் இல்லை. சொல்லப்போனால், நல்லது ஒன்று கண்ணில் படாதா என்று ஏங்கித்தான் ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறக்கிறார்.

அவரிடம் வெந்தும் வேகாத டிராஃப்டைக் கொடுப்பதுதான் முதல் தவறு. போட்டிகளில் ஆரம்பக் கெடு, வழக்கமான கெடு, கடைசிக் கெடு என்று மூன்று நான்கு தேதிகள் இருக்கும், தேதி தள்ளத் தள்ளக் கட்டணம் ஏறும். அந்த ஏற்றத்துக்குப் பயந்து அவசரமாக முடித்து அனுப்புகிறவர்கள் ஏராளம். நல்ல போட்டி அடுத்த வருடமும் வரும், ஆனால் அனுப்பிய ஸ்கிரிப்டை நடுவில் மாற்ற பல போட்டிகள் விடுவதில்லை, விட்டாலும் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவை உண்டு. அதனால் ஒரு வருடம் தவறினாலும் பரவாயில்லை. அனுப்பும் முன் நான்கு பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், எந்த வசனத்தில் நாக்கு இடறுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம், “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “எந்தப் பக்கத்தில் கீழே வைக்கத் தோன்றியது?” என்று கேளுங்கள்.

அடுத்தது முதல் பத்துப் பக்கங்கள். கதை இருபத்தைந்தாம் பக்கத்துக்கு மேல் சூடு பிடிக்கும், அதுவரை பொறுமையாகப் படித்தால் புரியும் என்று சொல்லும் எழுத்தாளர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும், ஏனென்றால் பல நேரம் அவர்கள் சொல்வது சரி, கதை அங்கே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாம் பக்கத்திலேயே ரீடர் மனதில் ஒரு மதிப்பெண் விழுந்துவிட்டது, அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். கனவில் தொடங்கி அலாரம் அடித்து எழுவது, வாய்ஸ் ஓவரில் குடும்ப வரலாறு சொல்வது, ஆறு பாத்திரங்களை ஒரே சீனில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது, இதையெல்லாம் அன்று காலையிலேயே அவர் இரண்டு மூன்று ஸ்கிரிப்டில் பார்த்திருப்பார்.

இதைவிட அதிகம் கண்ணில் படும் தவறு, படம் பிடிக்க முடியாததை எழுதுவது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வரி: “மீரா தன் அண்ணனைப் பத்து வருடமாக வெறுக்கிறாள், ஆனால் உள்ளுக்குள் அவன் அழைப்புக்காக ஏங்குகிறாள்.” நாவலில் இது நிற்கும். திரையில் பத்து வருடத்தை யார் பார்ப்பது, உள்ளுக்குள் ஏங்குவதை எந்த லென்ஸ் காட்டும்? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “மேஜையில் போன் ஒலிக்கிறது. திரையில் ‘அண்ணன்’. மீரா போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஒலி நிற்கிறது. உடனே எடுத்துப் பார்க்கிறாள். இன்னொரு முறை ஒலிக்குமா என்று கையிலேயே வைத்திருக்கிறாள்.” வெறுப்பும் ஏக்கமும் இரண்டுமே வந்துவிட்டன, ஒரு வார்த்தை வசனம் இல்லை. உங்கள் ஸ்கிரிப்டில் ‘உணர்கிறான்’, ‘நினைக்கிறாள்’, ‘தெரியவருகிறது’ என்று முடியும் வாக்கியங்களை மட்டும் ஒருமுறை தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒரு செயல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த சீனையே நீங்கள் இன்னும் முழுசாக யோசிக்கவில்லை.

வடிவம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆங்கிலப் போட்டிகளில் 12 பாயின்ட் அளவில் ‘கூரியர்’ என்ற எழுத்துரு, ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு, முழு நீளப் படத்துக்கு 90 முதல் 120 பக்கம். 140 பக்கத்தை எழுத்தைச் சுருக்கி 120 ஆக்கினால் ரீடருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். கேமரா இங்கே திரும்புகிறது, இந்த இடத்தில் இந்தப் பாட்டு என்று இயக்குநர் வேலையை எழுதாதீர்கள். எழுதியவர் பெயர் தெரியக்கூடாது என்று விதி இருந்தால் முகப்புப் பக்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள், இதற்காகவே ஸ்கிரிப்டை ஒதுக்கும் போட்டிகள் உண்டு.

சரி, எந்தப் போட்டிக்கு அனுப்புவது? கண்ணில் படுவதற்கெல்லாம் அனுப்புவதுதான் பணம் கரையும் வழி. ஆஸ்கர் விருது வழங்கும் அதே அகாடமி நடத்தும் நிக்கல் ஃபெலோஷிப் என்ற திரைக்கதைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 முதல் நடக்கிறது. வருடத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஃபெலோஷிப், அதாவது ஒரு வருடம் உட்கார்ந்து எழுதுவதற்கான உதவித்தொகை, ஒவ்வொன்றும் 35,000 டாலர். விண்ணப்பங்கள் பல வருடங்களில் 5,000-ஐத் தாண்டியிருக்கின்றன. ஆயிரத்தில் ஒருவர் என்ற அந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை, இதை மட்டும் நம்பி வருடத்தைத் திட்டமிடாதீர்கள் என்கிறேன். அதோடு விதிகளை அந்தந்த வருடம் புதிதாகப் படிக்க வேண்டும். 2025-லிருந்து நிக்கலுக்கு முன்போல நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, எழுத்தாளர்கள் ஸ்கிரிப்டைப் பதிவேற்றும் ‘தி பிளாக் லிஸ்ட்’ இணையதளம் வழியாகவோ, அகாடமியோடு சேர்ந்த பல்கலைக்கழகங்கள், திரைக்கதைப் பட்டறைகள் வழியாகவோதான் போக வேண்டும். பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுத் தயாரானவர்களுக்கு இது தெரியாது.

அமெரிக்காவின் ஆஸ்டின் திரைப்பட விழா நடத்தும் போட்டி வேறு மாதிரி. 1994-ல் தொடங்கிய, எழுத்தாளர்களை நடுவில் வைத்து நடக்கும் விழா அது. நகைச்சுவை, அறிவியல் புனைவு, திகில் என்று முழு நீளப் படங்களுக்கே தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுடையது பேய்க்கதை என்றால், குடும்பக் கதைகளோடு ஒரே குவியலில் போட்டியிடுவதைவிட இப்படிப்பட்ட இடம் பொருத்தம். எந்தப் போட்டியானாலும் பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: கடைசிச் சுற்றில் படிப்பவர்கள் பெயர் வெளியில் இருக்கிறதா? முந்தைய வெற்றியாளர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர்களில் யாருக்காவது இந்தப் போட்டியால், எழுத்தாளர் சார்பில் வாய்ப்பு தேடித் தரும் ஏஜென்டோ மேனேஜரோ கிடைத்தாரா? மாதம் ஒரு போட்டி நடத்தி, போஸ்டரில் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு இலைவளையச் சின்னம் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. அந்தச் சின்னத்தைப் பார்த்து எந்தத் தயாரிப்பாளரும் போனை எடுக்கப் போவதில்லை.

விதிமுறையில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2010-ல் அமேசான் ஸ்டூடியோஸ் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று பெரிய பரிசுகளோடு அறிவித்தபோது, பதிவேற்றும் ஸ்கிரிப்ட் மீது 18 மாதம் இலவச ஆப்ஷன், அதாவது அதை வாங்கிக்கொள்ளும் தனி உரிமை, அவர்களுக்குப் போய்விடும் என்று விதி இருந்தது. அந்த ஒன்றரை வருடம் அந்த ஸ்கிரிப்டை நீங்கள் வேறு யாரிடமும் விற்க முடியாது, அதற்கு உங்களுக்கு ஒரு பைசாவும் வராது. கடும் விமர்சனம் எழுந்தது, பிறகு விதிகளை மாற்றினார்கள். அதுபோல ‘உரிமை’, ‘ஆப்ஷன்’, ‘முதல் மறுப்பு உரிமை’ (வேறு யாருக்கும் விற்கும் முன் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும் என்பது) என்ற சொற்கள் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். ஜெயித்தால் மட்டும் உரிமை அவர்களுக்குப் போகிறதா, அனுப்பினாலே போய்விடுகிறதா என்பது முக்கியம்.

திருடிவிடுவார்கள் என்று பயந்து எங்கேயுமே அனுப்பாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் வெறும் ஐடியாவைக் காப்பதில்லை, நீங்கள் எழுதிய வடிவத்தைத்தான் காக்கும், அதனால் முழுசாக எழுதி, பதிவு செய்துவிட்டு, தைரியமாக அனுப்புங்கள். இதன் மறுபக்கம், இன்னொருவரின் நாவலையோ சிறுகதையையோ உரிமை வாங்காமல் திரைக்கதையாக்கி அனுப்பக் கூடாது. அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெரும்பாலான போட்டிகள் ஏற்காது.

முடிவு வந்த பிறகும் தவறுகள் நடக்கின்றன. முதல் சுற்றிலேயே வெளியேறினால் ஸ்கிரிப்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஒரு போட்டியில் வெளியேறிய அதே ஸ்கிரிப்ட் இன்னொன்றில் கடைசிச் சுற்றுக்குப் போவது சாதாரணம், படிக்கும் ஆள் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். இல்லையென்றால் வரும் குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ஸ்கிரிப்டை உருக்குலைத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வையுங்கள், தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் அங்கே உட்காருங்கள்.

ஜெயித்தவர்கள் செய்யும் தவறு, கையில் அந்த ஒரே ஸ்கிரிப்டோடு நிற்பது. பைனலிஸ்ட் பட்டியல் வந்ததும் ஒரு மேனேஜர் கூப்பிட்டால், உங்கள் ஸ்கிரிப்டைப் பாராட்டிவிட்டு அடுத்து அவர் கேட்பது “வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?” என்பதுதான். நிக்கலில் ஜெயித்தவரே அந்த ஒரு வருடத்துக்குள் புதிதாக ஒரு முழு நீளத் திரைக்கதையை முடித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் சுசன்னா கிராண்ட் 1992-ல் நிக்கல் ஃபெலோவானார். அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த ‘எரின் பிரோக்கோவிச்’ 2000-ல் வந்தது, அது போட்டிக்கு அனுப்பியது அல்ல, அதற்குப் பிறகு எழுதியது. ஆகவே ஸ்கிரிப்டை அனுப்பிய மறுநாளே அடுத்ததன் ஒன்லைனை (ஓரிரு வரிக் கதைச் சுருக்கத்தை) எழுதத் தொடங்குங்கள், முடிவு வர எப்படியும் பல மாதம் ஆகும். பட்டியலில் பெயர் வந்தால் அந்த வாரமே மேனேஜர்களுக்குச் சுருக்கமான மெயில் போகட்டும்: போட்டியின் பெயர், எந்தச் சுற்று, இரண்டு வரியில் கதை, அடுத்து எழுதிக்கொண்டிருப்பது என்ன என்று ஒரு வரி. ஸ்கிரிப்டை அவர்கள் கேட்ட பிறகு அனுப்பினால் போதும்.