இரண்டு சந்திப்புகளுக்கு இடையே: மனநல மீட்சிக்கான ஆதரவைச் சமூகத்தில் திரட்டுவது எப்படி

மனநல மருத்துவரைப் பார்ப்பது பெரும்பாலும் மாதத்திற்கு ஒருமுறை. அதிலும் வரிசையில் காத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சில நிமிடங்களே. மாத்திரைச் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் அடுத்த முறை வரவேண்டிய தேதியும் இருக்கும். அந்தத் தேதி வரைக்கும் நாட்களை எப்படிக் கழிப்பது என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்காது. மனச்சோர்வு, இருமுனையப் பிறழ்வு (பைபோலார்), மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோய்களிலிருந்து மீண்டு வருபவருக்கும் அவருடன் வாழும் குடும்பத்தாருக்கும் வேலை அதிகமாக இருப்பது அந்த இடைப்பட்ட நாட்களில்தான். அவற்றுக்கு வேண்டிய ஆட்களையும் இடங்களையும் எப்படித் தேடிச் சேர்ப்பது என்பதைப் பற்றியே இங்கே சொல்கிறேன். இதில் எதுவும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மீட்சி என்று யார் எதைச் சொல்கிறார்கள்

குடும்பத்தாரைக் கேட்டால், “பழையபடி ஆகிவிட்டால் போதும்” என்பார்கள். நோயிலிருந்து மீள்பவரைத் தனியே கேட்டால் வேறு பதில் வரும்: யாரும் துணைக்கு வராமல் பேருந்தில் போய்த் திரும்ப வேண்டும், பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும், தன் மருந்துப்பெட்டி தன் கையிலேயே இருக்க வேண்டும். நோயின் அறிகுறிகள் முற்றிலும் மறைந்தாலும் மறையாவிட்டாலும், தமக்குப் பொருளுள்ளதாகத் தோன்றும் வாழ்க்கையை ஒருவர் தாமே நடத்திச் செல்வதுதான் மீட்சி என்ற கருத்து 1990-களில் மனநலத் துறையில் வலுப்பெற்றது. ஆகவே ஆதரவு தேடிக் கிளம்புவதற்கு முன், எதற்காகத் தேடுகிறோம் என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது உங்களுக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனாலும் அதிலிருந்தே தொடங்குங்கள். குடும்பத்தின் ஆசைக்காகச் சேர்த்துவிட்ட மையத்திற்கு ஒருவர் நெடுநாள் போவது அரிது.

யாரிடம் எதைக் கேட்பது

மனநல மருத்துவர் நோயைக் கணித்து மருந்து தருகிறவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. குடும்பங்கள் தேடாமல் விட்டுவிடுவது மனநலச் சமூகப் பணியாளரைத்தான். மறுவாழ்வு மையம், பகல்நேரப் பராமரிப்பு, அரசு உதவித்தொகை, சான்றிதழ்கள், வேலைக்குத் திரும்பும் ஏற்பாடு என்று மருத்துவமனை வாசலுக்கு வெளியே உள்ளவற்றை நன்கு அறிந்தவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று முதல் வருகையிலேயே கேட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் பேசுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. நெருக்கடி வேளைகளுக்கான விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அவரைப் பற்றிய செய்திகளை மருத்துவர் குடும்பத்தாருக்குச் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தார் தாம் கண்டதை மருத்துவரிடம் சொல்வதற்கு அந்த விதி தடையாகாது. அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். “ஒரே கோபமாக இருக்கிறார்” என்பதைவிட, “செவ்வாய், புதன், வியாழன் மூன்று இரவும் மூன்று மணிக்கு மேல்தான் படுத்தார், இரண்டு நாட்களாகக் குளிக்கவில்லை” என்று எழுதினால் மருத்துவருக்குப் பயன்படும். கூடுமானவரை அதை நோயுற்றவருக்குத் தெரிந்தே கொடுங்கள். மறைத்துக் கொடுத்தது பின்னால் தெரியவந்தால், போன நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது மருந்தை மாற்றுவதைவிடக் கடினம்.

மருத்துவமனைக்கு வெளியே என்னென்ன வகை உதவிகள் இருக்க முடியும் என்று தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்பதும் தெரியும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவ நிலையத்தின் வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சில் அமர்ந்து, வருபவரின் சிக்கல்களைக் கேட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்வு காண உதவுகிறார்கள். அவ்வாறு உதவி பெற்றவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரும், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால், மிதமான மனச்சோர்வில் உண்மையாகவே உதவ முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மனம் அளவு மீறிக் கிளர்ந்தெழும் மனப்பித்து நிலையில் பல இரவுகள் தூங்காதவருக்கும் பிரமைகளோடு போராடுபவருக்கும் இது மட்டும் போதாது.

இன்னொரு வகை, நோயிலிருந்து மீண்டவர்களே நடத்துவதில் பங்கேற்கும் மன்றங்கள். 1948-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஃபவுண்டன் ஹவுஸ் இதற்கு முன்னோடி. அது ஒரு மனநல மருத்துவமனையில் இருந்து வெளிவந்தவர்கள் கூடிச் சந்தித்ததிலிருந்து பிறந்தது. அங்கே வருபவர் நோயாளி அல்லர், உறுப்பினர். தொலைபேசியை எடுப்பது, சமைப்பது, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்தே செய்கிறார்கள். உங்களுக்கு எட்டும் தொலைவில் ஒரு பகல்நேர மையம் இருந்தால், அதைப் பார்க்கப் போகும்போது சுவர்களையும் பெயர்ப்பலகையையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே வருபவர்கள் ஏதேனும் வேலை செய்கிறார்களா, அல்லது தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்களா?

வேலையைப் பற்றிய பழைய எண்ணம் ஒன்றையும் கைவிட வேண்டும். முதலில் முழுமையாகக் குணமாகட்டும், பிறகு பயிற்சி, அதற்குப் பிறகு வேலை என்பதே வழக்கமான வரிசை. 1990-களில் அமெரிக்காவில் உருவான வேறொரு முறை, வேலை செய்ய விரும்புபவருக்கு அவர் விரும்பும் சாதாரண வேலையை விரைவில் தேடித் தந்து, அதன் பிறகு துணையாக நிற்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த வரிசையே அதிகம் பேரை வேலையில் அமர்த்தியிருக்கிறது. வாரத்திற்குச் சில மணி நேர வேலையாக இருந்தாலும் ஒத்திப்போட வேண்டியதில்லை.

நோயின் அனுபவம் உள்ளவர்கள் கூடிப் பேசும் சக ஆதரவுக் குழுக்களை மூன்று முறை போய்ப் பார்த்த பிறகு எடைபோடுங்கள். முதல் நாளில் எல்லோருக்கும் அந்நியமாகவே இருக்கும். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவர் இருக்கும் குழுவுக்கும், எதையாவது விற்கும் குழுவுக்கும், விருப்பமில்லாதவரைப் பேச வற்புறுத்தும் குழுவுக்கும் மறுமுறை போக வேண்டாம்.

வீட்டுக்குள் பேசும் முறை

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், நெடுநாள் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வந்த ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, விடுதி அறையில் தங்கியவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது. யாரும் எதிர்பாராத முடிவு அது. தொடர்ந்த ஆய்வுகள் காரணத்தை நெருங்கிச் சென்றன: ஓயாத குறைகூறல், பகைமை, அளவு மீறிய அக்கறை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மிகுந்திருக்கும் வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அப்படிப் பொருள் கொண்டு தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலமும் இருந்தது. நோயைப் பற்றிக் குடும்பத்துக்கே முறையாகக் கற்றுக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பதே இந்த ஆய்வுகள் திறந்துவிட்ட வழி. குடும்பத்தாருக்கான மனநலக் கல்வி வகுப்பு நடக்கிறதா என்று விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள்.

மூன்றில் கடினமானது அக்கறையைக் குறைப்பதுதான், ஏனென்றால் அது அன்பின் வடிவத்தில் வருகிறது. ஒரு வீட்டில் காலையில் எழுந்தவுடன் மகனிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “மாத்திரை போட்டாச்சாப்பா?” இரவு படுக்கும்போது கேட்கும் கடைசிக் கேள்வியும் அதுவே. நடுவில் வேறு பேச்சு இல்லை. முப்பது வயது மகனுக்கு அந்தக் கேள்வியில் மாத்திரை கேட்பதில்லை. “உன்னை நம்பவில்லை” என்பதே கேட்கிறது. ஏழு நாட்களுக்கும் ஏழு அறைகள் உள்ள மருந்துப்பெட்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து நிரப்பி, பெட்டியை இருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். கேட்காமலே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். காலையின் முதல் பேச்சு செய்தித்தாளைப் பற்றியதாக இருக்கட்டும்.

காதில் குரல் கேட்கிறது என்று நோயுற்றவர் சொல்லும்போது அதை மறுத்து வாதிடுவதும் தவறு, ஆமாம் என்று ஒத்துப் பாடுவதும் தவறு. “உனக்குக் கேட்கிறது, அதனால் பயமாக இருக்கிறது என்று புரிகிறது. எனக்கு அது கேட்கவில்லை. இப்போது என்ன செய்தால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்?” என்ற மூன்று வாக்கியங்கள் போதும்.

நலமாக இருக்கும் நாளில் எழுதும் பக்கம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1997-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேரி எலன் கோப்லாண்டும் நோயின் அனுபவம் உள்ள வேறு சிலரும் சேர்ந்து உருவாக்கிய மீட்சித் திட்டம் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் அடிப்படை எளிது: மனம் தெளிவாக இருக்கும் நாளில், நோயின் பிடியில் இருக்கப்போகும் தமக்காக ஒருவர் தாமே எழுதி வைத்துக்கொள்வது. குடும்பத்தார் உடன் உட்காரலாம். பேனா அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

முதலில், நலமாக இருக்கும்போது தாம் எப்படி இருப்பார் என்று அவர் எழுதட்டும். இது தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் இயல்பிலேயே அதிகம் பேசுபவர் அதிகம் பேசுவதைப் பார்த்துப் புதிய மருத்துவர் பதற்றப்படாமல் இருக்க இதுதான் உதவும். அடுத்தது முன்னறிகுறிகள், இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். “மனநிலை மாறும்” என்ற வரியால் பயனில்லை. “இரவு இரண்டு மணிக்கு அலமாரியை அடுக்கத் தொடங்குவேன். மூன்று இரவுகள் நான்கு மணி நேரத்திற்கும் குறைவாகத் தூங்கிவிட்டு, களைப்பே இல்லை என்பேன். நெடுநாள் பேசாதவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அழைப்பேன்” என்று இருந்தால் அது அறிகுறி, பார்க்கும் எவருக்கும் அடையாளம் தெரியும். பிறகு, அவை தென்படும்போது யார் தம்மிடம் சொல்லலாம், எந்தச் சொற்களில் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது. ஒருவர் தம் அண்ணனின் பெயரை எழுதி, அதற்கு எதிரே “இவர் மட்டும் வேண்டாம்” என்று எழுதினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்ட மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், எந்த மருத்துவமனை, அந்த நாட்களில் பிள்ளைகளையும் வங்கி அட்டையையும் யார் பொறுப்பில் விடுவது ஆகியவை கடைசியில் வரட்டும். தேதியிட்டுக் கையொப்பமிட்ட பிரதிகளில் ஒன்று மருத்துவமனைக் கோப்பிலும் ஒன்று நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்க வேண்டும்.

பல நாடுகளில் இதற்குச் சட்ட வடிவமும் உண்டு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும், எப்படி அளிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. உங்கள் நாட்டில் இதற்கான படிவம் எது என்பதை அந்தச் சமூகப் பணியாளரிடமே கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து வரும்போது

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டபின் பலருக்கு மூச்சு விட முடிகிறது. ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள்; நெருக்கடி உதவி எண்ணையோ மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ அன்றே நாடுங்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் சேர்த்து வைத்த மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். நினைத்தவர் எப்படியும் வழி தேடிக்கொள்வார் என்று சொல்வார்கள், அது சரியல்ல. இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்ட பின், 10 ஆண்டுகளுக்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உயிரைப் போக்கும் பொருள் கைக்கெட்டும் தொலைவில் இல்லாதபோது அந்தக் கொடிய நேரம் கடந்துபோக இடம் கிடைக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் ஓய்ந்து உட்காரும் வாரங்கள், மிகவும் கவனிக்க வேண்டியவை. முதல் வாரத்திற்குள் ஒரு மறுசந்திப்பைத் தேதி குறித்துப் பெற்றுக்கொண்ட பிறகே அங்கிருந்து கிளம்புங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதையும், நன்றாக இருக்கிறது என்பதற்காகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் கிளம்பும்போதே எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

எதுவுமே இல்லாத இடத்தில்

மேலே சொன்ன மையமோ மன்றமோ வகுப்போ எதுவும் பக்கத்தில் இல்லை என்பதே பலரின் நிலைமை. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் மேடிசன் நகரில், மனச்சிதைவு நோயுற்ற மகன்களை உடைய இரண்டு தாய்மார் சந்தித்துப் பேசியதில் இருந்து தொடங்கிய முயற்சி, 1979-இல் ஒரு தேசிய அமைப்பாக வளர்ந்தது. நீங்களும் அப்படியே தொடங்கலாம். வெளிநோயாளர் பிரிவில் மாதந்தோறும் உங்களுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் குடும்பம் ஒன்று இருக்கும், அவர்களிடம் பேசுங்கள். முதல் சந்திப்புக்கு மூன்று குடும்பங்கள் போதும். ஒரு மணி நேரம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் வந்தவர்களில் ஒருவருக்காவது வீட்டில் தனியாக விட்டுவந்த ஆளின் நினைவு இருக்கும். இங்கே பேசியது வெளியே போகாது என்பதை வாய்விட்டுச் சொல்லித் தொடங்குங்கள். பராமரிப்பவர் தூங்கினாரா, தம் உடம்புக்கு மருத்துவரைப் பார்த்தாரா என்று முறை வைத்துக் கேளுங்கள். கலைவதற்கு முன், அடுத்த மாதம் மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டியவர் யார், உடன் போகக்கூடியவர் யார் என்று இரண்டு பெயர்களைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.