இங்கிலாந்தில் வீடு வாங்குகிறீர்களா? ஒப்பந்தப் பரிமாற்ற நாளைக் கவனியுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீங்கள் சொன்ன விலைக்கு விற்பவர் சம்மதித்தாலும் வீடு உறுதியாகிவிடாது. இருதரப்பு சொலிசிட்டர்களும் (வழக்கறிஞர்கள்) கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறும் வரை யாரும் விலகலாம். அப்படி யார் விலகினாலும், வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேக்குக் கட்டிய பணம் திரும்பாது. பரிமாறிய பிறகு நீங்கள் விலகினால் டெபாசிட், வழக்கமாக விலையில் 10%, பறிபோகும். ஆகவே மோர்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக் கடன் தருவதாக வங்கி தரும் ஒப்புதல்) எழுத்தில் கைக்கு வருமுன் பரிமாற்றத்துக்குத் தலையாட்டாதீர்கள். கட்டடக் காப்புறுதியும் சாவி வாங்கும் நாளிலிருந்து அல்ல, பரிமாற்ற நாளிலிருந்தே வேண்டும். வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி அதன்பின் தீயோ வெள்ளமோ வந்தால் நட்டம் உங்கள் தலையில்தான்.

சொலிசிட்டரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் பெரும்பாலும் மோசடிதான். அவரிடமிருந்து ஆரம்பத்தில் வந்த கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் ஒரு பவுண்டுகூட அனுப்பாதீர்கள்.