மதுரையில் ஒரு முழு நாள்

மதுரையை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க விரும்புவோர், மீனாட்சியம்மன் கோயிலின் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில்தான் திறக்கப்படும் என்பதை மனத்தில் கொண்டு திட்டமிட வேண்டும். செல்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லையாதலால் அதை அறையிலேயே வைத்துவிட்டு, விடியற்காலையில் தரிசனம் முடித்து, பொற்றாமரைக் குளப்படிகளில் சற்று அமர்ந்தபின், ஆயிரங்கால் மண்டபத்திற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். உண்மையில் அங்குள்ளவை 985 தூண்கள். எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் அவற்றின் வரிசை பிசகுவதில்லை.

சிற்றுண்டிக்குப் பிறகு, கோயிலை அடுக்கடுக்காகச் சூழ்ந்திருக்கும் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் நடப்பதே நகரத்தின் அமைப்பை அறிய நல்ல வழியாகும். 1921இல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதிக்கறை படிந்த துணியை, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தில் காணலாம்; வெயில் வேளைக்கு அதுவே ஏற்ற இடம்.

பிற்பகலில் விளக்குத்தூண் பக்கம் வந்து, பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டாவை அருந்திவிட்டு, அருகிலுள்ள திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தே செல்லலாம். அதன் ஒலி-ஒளிக் காட்சியைவிட, பகல் வெளிச்சத்தில் அந்தப் பருத்த தூண்களைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. இரவில் சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும் பள்ளியறைப் பூசைக்கு மீண்டும் கோயிலுக்குச் செல்லுங்கள். அது முடிந்து வெளியே வந்தாலும், கறிதோசைக் கடைகள் திறந்தே இருக்கும்.