கன்டெய்னருக்குள் கணக்கைப் பூட்டாதீர்கள்

கடலூர் முதுநகரில் படகு வைத்திருக்கும் தன் மாமாவுக்காக, புதுச்சேரியில் என்னிடம் மாலையில் படிக்க வரும் தம்பி ஒருவர் சின்னதாக ஒரு செயலி எழுதினார். எத்தனை கிலோ வஞ்சிரம், ஏலத்தில் என்ன விலை போனது, யார் பாக்கி என்று பதிந்து வைக்கலாம். பைத்தான் நிரலும் கணக்கு பதியும் எஸ்க்யூலைட் தரவுக் கோப்பும் ஒரே டாக்கர் கன்டெய்னருக்குள் இருந்தன. நிரலை அதற்குத் தேவையானவற்றோடு கட்டி, கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் கருவிதான் டாக்கர். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ஒரு பிழையைத் திருத்தி, கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜைப் புதிதாகக் கட்டி, பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதியதை ஓட்டினார். நான்கு நாள் கணக்கும் போயிற்று. மாமா நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தார்.

கன்டெய்னரைத் தனிக் கணினி என்று நினைப்பதுதான் முதல் தவறு. கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கணினிக்குச் சொந்தமாக ஓர் இயங்குதளம் உண்டு. கன்டெய்னருக்கு அது கிடையாது; அது ஓடும் லினக்ஸ் கணினியின் கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியையே, பகிர்ந்துகொள்கிறது. சுற்றி வேலி போட்ட ஒரு நிரல், அவ்வளவுதான். எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. இரண்டும் லினக்ஸில் முன்பே இருந்தவை. 2013-ல் வந்த டாக்கர் அவற்றை எல்லோர் கைக்கும் எட்ட வைத்தது.

உள்ளே எழுதுவதெல்லாம் இமேஜின் மேல் விரித்த ஒரு மெல்லிய அடுக்கில் போய் உட்காரும். கன்டெய்னரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் அது அப்படியே இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். கன்டெய்னரை நீக்கினால் அந்த அடுக்கும் சேர்ந்து போய்விடும். ஆகவே தரவுக் கோப்பை, கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் வால்யூம் என்ற சேமிப்பிடத்தில் வையுங்கள். அப்புறம் ஒரே ஒரு வரி பதிந்துவிட்டு, கன்டெய்னரை நீங்களே நீக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்த வரி இருந்தால் மட்டும் அடுத்தவரிடம் கொடுங்கள்.

அடுத்தது லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’ என்று குறிக்கும் பெயர். கன்டெய்னருக்குள் அந்தச் சொல் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அல்ல. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் தரவுத்தளம் தனிக் கன்டெய்னர் என்றால், கம்போஸ் கோப்பில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போர்ட் என்ற இணைப்பு வாசலைத் திறந்தும் பிரவுசரில் எதுவும் வரவில்லையா? செயலி உள்ளே 127.0.0.1-ல், அதாவது கன்டெய்னருக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரியில், காத்திருக்கிறதா என்று பாருங்கள், அது எல்லா முகவரியிலும் கேட்கும் 0.0.0.0 ஆக இருக்க வேண்டும்.

வாடகை சர்வரில் இன்னும் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் போர்ட்டைத் திறக்க 5432:5432 என்று எழுதினால் அது இணையம் முழுவதற்கும் திறந்துவிடும். லினக்ஸில் இணைய இணைப்புகளை வடிகட்டும் ஐபிடேபிள்ஸ் விதிகளை டாக்கர் தானே எழுதிக்கொள்வதால், யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் அதைத் தடுக்காது. செயலிக்கு மட்டும் தரவுத்தளம் தேவை என்றால் அந்த வரியே வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

இமேஜ் பெயரோடு வரும் லேட்டஸ்ட் என்ற டேகை நம்பாதீர்கள், பதிப்பு எண்ணை எழுதுங்கள். இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில், நிரலுக்கு முன்னால் அதற்குத் தேவையான நூலகங்களின் பட்டியலை மட்டும் காப்பி செய்து நிறுவினால், ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி பதிவிறக்க வேண்டியிருக்காது.

பாஸ்வேர்டு இருக்கும் கோப்பை இமேஜுக்குள் காப்பி செய்துவிட்டு, அடுத்த வரியில் அழிப்பவர்களும் உண்டு. சுவரில் எழுதியதன் மேல் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான் அது. இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுவதால் கீழ் அடுக்கில் கோப்பு அப்படியே இருக்கும், இமேஜ் கையில் கிடைத்தவர் சுரண்டி எடுத்துவிடுவார். அந்தக் கோப்பின் பெயரை, இமேஜில் சேரக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் கோப்பில் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்டை ஓட்டும் நேரத்தில் கொடுங்கள். அப்படி ஓர் இமேஜை ஏற்கெனவே பொதுவில் ஏற்றிவிட்டீர்கள் என்றால், இமேஜை அழித்தால் போதாது. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.