பழைய இரட்டை அவுட்போர்டு வேகப்படகு: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

1990களின் ஃபைபர் படகு, பின்னால் வெளியே தொங்கும் (அவுட்போர்டு) இரண்டு மெர்க்குரி 2.5 லிட்டர் வி6 டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள். வாங்கியதும் புரொப்பெல்லரை மாற்றி வேகம் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அது கடைசி வேலை.

1. டிரான்சம்

என்ஜின்கள் தொங்கும் பின்பலகையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது. சந்தேகமான இடத்தில் உட்பக்கமிருந்து 3 மி.மீ. துளை போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால், பலகையை மாற்றாமல் படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. நல்ல தூள் வந்தால் துளையை எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.

2. என்ஜின்

எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனை முடக்கி, திராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். ஆறு சிலிண்டருக்குள் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கியர் ஆயில் பால்போல் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். இம்பெல்லரை (குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரம்) கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். பழையதில் இறக்கை உடைந்திருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். மேலே தண்ணீர்ப் பாதையில் அது அடைத்துக்கொள்ளும்.

3. எரிபொருள்

என்ஜின்கள் அதிகம் சாவது இங்கேதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ஹோஸின் உள்தோல் உரியும். அந்தச் செதில் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், மசகும் குறையும். முழு வேகத்தில் பிஸ்டன் ஓட்டையாகச் சில நிமிடங்கள் போதும். ஹோஸ், பிரைமர் பல்ப் (கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழ்), ஃபில்டர் எல்லாம் புதிது போடுங்கள். ஆயில் இன்ஜெக்‌ஷன் (ஆயிலைத் தானாகச் சேர்க்கும் அமைப்பு) நீக்கிய என்ஜினுக்கு 50 லிட்டர் பெட்ரோலில் 1 லிட்டர் ஆயில்.

முழு வேகத்தில் ஓடும்போது உடன் வருபவர் பிரைமர் பல்பை அழுத்தட்டும். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு என்ஜின் சுற்று) ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். உடனே வேகத்தைக் குறையுங்கள்.

4. டியூனிங்

இரண்டு கியர்கேஸின் (என்ஜினின் அடியில் புரொப்பெல்லர் பொருந்தும் பகுதி) முன்முனை இடைவெளியும் பின்முனை இடைவெளியும் சமமாகும்படி இரண்டு என்ஜினையும் இணைக்கும் டை பாரைத் திருகுங்கள். பிறகு இரண்டு என்ஜினையும் ஒரே நேரத்தில் டிரான்சமில் மாட்டும் போல்ட் துளையில் ஒரு துளை, அதாவது 19 மி.மீ., உயர்த்தி ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் தண்ணீர் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் ஒரு துளை இறக்கிவிடுங்கள்.

இப்போது புரொப்பெல்லர். பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம், அங்குலத்தில்) ஓர் அங்குலம் கூடினால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். குறையும். 1.87 கியர் விகிதத்தில், 21 பிட்சோடு 5,500 ஆர்.பி.எம். ஓடினால்: 5,500 × 21 ÷ (1.87 × 1,056) = மணிக்கு 58.5 மைல். இது கணக்கு வேகம்; 1,056 என்பது நிமிடத்துக்கு அங்குலத்தை மணிக்கு மைலாக மாற்றும் எண். ஜி.பி.எஸ். 52 மைல் காட்டினால் ஸ்லிப் (கணக்கு வேகத்தில் தண்ணீரில் இழக்கும் பங்கு) 11 சதவீதம்; நல்ல கணக்கு. 20 சதவீதம் வந்தால் என்ஜின் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கலாம், அல்லது புரொப்பெல்லர் விளிம்பு மடங்கியிருக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கில் சுவிட்ச் (என்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிறு ஓட்டுபவர் உடலோடு கட்டியிருக்க வேண்டும்.